மூன்றாவது பை

அனல் மின் நிலையத்தின் பின்வாசலில் நிலக்கரி லாரி வந்து நின்றால் அதன் மேல் முதலில் ஏறுவது சுத்தியக்காதான். கையில் மண்வாரி, இடுப்பில் இரண்டு கிலோ சுத்தியல். லோடில் எட்டு இடங்களில் குழி பறித்து, குழிக்கு ஒரு வாரி கரி எடுத்துக் கீழே தள்ளுவாள். பிறகு அதைத் தகரத்தின் மேல் குவித்து, கட்டிகளை உடைத்து, குவியலைத் தட்டையாக்கி நான்காகப் பிரிப்பாள். எதிரெதிரே இருக்கும் இரண்டு பங்கை வைத்துக்கொண்டு மற்ற இரண்டைத் தள்ளிவிடுவாள். மறுபடியும் குவியல், மறுபடியும் நான்கு. கடைசியில் மிஞ்சும் பொடி மூன்று பைகளில் போகும். ஒன்று கரி அனுப்பியவருக்கு. ஒன்று நிலையத்து லேபுக்கு. மூன்றாவது அரக்கு முத்திரையோடு அலமாரிக்கு. முதல் இரண்டு பையின் முடிவும் ஒத்துப்போகாமல் தகராறு வந்தால் மூன்றாவதைத் திறந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். அவள் வேலை பார்த்த இருபது வருடத்தில் அப்படி ஒரு தகராறு வந்ததே இல்லை. வராமல் பார்த்துக்கொள்ளத்தான் ஆபீசர்கள் இருந்தார்கள்.

அந்தப் பெயர் அவளுக்கு வேலையில் சேர்ந்த ஒன்பதாம் நாள் வந்தது. லோடுக்கு நடுவில் வெறும் கல்லாகக் கிடந்ததைப் பார்த்து அதிலும் ஒரு வாரி எடுத்துவிட்டு இறங்கினாள். டிரைவர் வந்து, "கல்ல விட்டுட்டுக் கரிய மட்டும் எடும்மா. புதுசா?" என்று அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அவள் மறு கையால் சுத்தியலை உருவி லாரியின் முன்விளக்கு இரண்டையும் உடைத்தாள். அடுத்ததாக அவன் முழங்காலைக் குறிபார்த்தபோது அவன் கையை விட்டுவிட்டான். அன்று மாலைக்குள் நிலையம் முழுக்க அவள் சுத்தியக்கா ஆகியிருந்தாள்.

அடிதடி அவளுக்குப் புதிதில்லை. அப்பா அதே நிலையத்தின் சாம்பல் குளத்தில் வேலை பார்த்தவர். வீட்டுக்கு வந்ததும் இடுப்பு வாரைக் கழற்றுவார். யார் முதலில் கண்ணில் படுகிறார்களோ அவர்களுக்கு விழும். தங்கை ஏழு வயது சின்னவள் என்பதால், முதலில் கண்ணில் படுவதற்காகவே சுத்தியக்கா வாசலில் போய் நிற்பாள். பதினாறு வயதில் ஒருநாள் வாரின் மறுமுனையைப் பிடித்து இழுத்துத் திருப்பி அடித்தாள். அப்பாவின் கீழுதடு கிழிந்து தொங்கியது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் வார் இடுப்போடு இருந்துகொண்டது.

அவளைக் கட்டிக்கொண்டவர் நிலையத்துக் கேன்டீனில் சமையல்காரர். கோபம் என்ற சாமானே அவரிடம் கிடையாது. "எங்க வீட்டுக்குன்னு அளந்து குடுத்த கோபம் மொத்தத்தையும் இவளே வாங்கிட்டா, எனக்கு ஏது மிச்சம்?" என்பார். பிள்ளைகள் இல்லை. அப்பா இறந்த பிறகு தங்கையைப் பெண்ணாக வளர்த்தது அவர்கள் இருவரும்தான். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அவர்கள்தான். மாப்பிள்ளை லாரி டிரைவர், சுரங்கத்துக்கும் நிலையத்துக்கும் நடுவே கரி ஓட்டுகிறவன். சிரித்த முகம், சம்பாதிக்கிற கை. அடிக்கிற கை இல்லை என்பதை விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் சுத்தியக்கா தலையாட்டினாள். கல்யாணத்தன்று அவனைத் தனியே கூப்பிட்டுத் தன் சுத்தியலைக் காட்டியதாகவும் சொல்வார்கள். அவள் அதை மறுத்ததில்லை.

கல் எங்கே ஏறுகிறது என்பது ஊரறிந்த ரகசியம். சுரங்கத்திலிருந்து வரும் வழியில் ஒரு கொட்டகை இருந்தது. லாரிகள் அங்கே அரைமணி நேரம் நிற்கும். நல்ல கரி இறங்கும், அதே எடைக்குக் கல் ஏறும். லேபில் பொடியைச் சுட்டுக் கணக்கு எழுதுவதும் அவள் வேலைதான். உலையில் சுட்டுப் பார்த்தால் நூற்றுக்கு நாற்பத்துநாலு சாம்பலாக நிற்கும். லேப் ஆபீசர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "முப்பத்தொண்ணுன்னு எழுதிடு" என்பார். முதல் தடவை அவள், "சார், நாப்பத்துநாலு" என்றாள். "எனக்கும் எண்ணத் தெரியும்மா. மேல இருக்கறவங்களுக்கும் தெரியும். கீழ இருக்கற நீ மட்டும் எதுக்கு மூச்சு வாங்கற?" என்றார் அவர். அவள் எழுதினாள், கையெழுத்தும் போட்டாள். பதினொரு வருடம் போட்டாள். லாரிக்காரனிடம் நீளும் கை அந்த மேசைக்கு முன்னால் நீளவில்லை. அதை நினைத்துத் தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வரும். அந்த நாட்களில் கரிக்கட்டிகள் தேவைக்கு மேல் பொடியாகும்.

மூன்றாவது பைகளை ஆறு மாதம் வைத்திருந்து வீசிவிட வேண்டும். அவள் வீசவில்லை. சாம்பல் குளத்தோரம் உபயோகத்தில் இல்லாத பழைய பம்ப் ரூம் ஒன்று இருந்தது. பைகளைச் சாக்கில் கட்டி, மாதத்தையும் வருடத்தையும் சுண்ணாம்பால் எழுதி, அங்கே அடுக்கிப் பூட்டுப் போட்டாள். தியாகம், லட்சியம் என்று பின்னால் சிலர் பேசினார்கள். அவளைக் கேட்டால், "பயம்" என்பாள். என்றைக்காவது மாட்டிக்கொண்டால் எல்லோரும் சேர்ந்து தன் தலையில் கட்டுவார்கள், அன்றைக்குக் காட்ட ஏதாவது கையில் இருக்கட்டும் என்ற பயம்.

பயத்தை ஆத்திரமாக மாற்றியது மில்லில் நடந்த சம்பவம். கரியை மாவாக அரைத்துக் கொதிகலனுக்கு ஊதிவிடும் மில் அது. ஒரு பகலில் தலைப் பருமன் கல் ஒன்று உள்ளே போய்ச் சிக்கியது. உருளை உடைந்தது. பக்கத்து இரும்புக் கதவு பிய்த்துக்கொண்டு பறந்து, எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த மில்காரரைச் சுவரோடு சேர்த்து நசுக்கியது. கேன்டீனில் அவர் தினமும் சுத்தியக்காவின் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர். சுவரில் இருந்து அவரைப் பிரித்தெடுக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. அவளும் ஒருத்தி. கையில் இருந்த ரத்தம் கரித்தூளோடு குழைந்து நகக்கண்ணில் நாலைந்து நாள் போகவில்லை. விசாரணையில் அந்த வாரத்து ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தார்கள். சாம்பல் முப்பத்தொன்று, தரம் சரி, கையெழுத்து அவளுடையது. ஆகவே கல் என்று ஒன்று இல்லை, தவறு மில்காரருடையது என்று கோப்பு மூடப்பட்டது.

அதற்கு அடுத்த வருடம் தலைநகரத்திலிருந்து திட்டக்காரர்கள் வந்தார்கள். நாடு முழுவதும் புகையைக் குறைத்துக்கொண்டே வளர்வது எப்படி என்று முப்பது வருடத்துக்கு ஒரு தேசியத் திட்டம் தயாராகிக்கொண்டிருந்தது. ஊரில் அதற்குப் 'புகைத் திட்டம்' என்று பெயர். அதன் தலைவியாக வந்த குள்ளமான அம்மாள் உடனே 'புகை மேடம்' ஆகிவிட்டார். விருந்தினர் மாளிகை ஹாலில் கூட்டம் போட்டார்கள். மேனேஜர், தொழிற்சங்கக்காரர்கள், லாரிச் சங்கத்து ஆட்கள், சுவரோரம் லேப் ஊழியர்கள். புகை மேடம் எளிமையாகத்தான் சொன்னார். ஏழு வருடத்துக்கு முந்தைய ஒரு வருடத்தை அடிப்படை ஆண்டாக வைத்திருக்கிறார்கள். அந்த வருடம் எவ்வளவு கரி எந்தத் தரத்தில் எரிந்தது என்பதிலிருந்து எவ்வளவு புகை என்று கணக்கு. அதிலிருந்து நூற்றுக்கு இருபத்தைந்து குறைக்க வேண்டும். எப்படிக் குறைப்பது என்பதை நிலையமே சொல்லலாம்.

மேனேஜர் எழுந்து, இருபது சதவிகிதத்துக்குத் தங்களிடம் ஏற்கெனவே வழி இருப்பதாகச் சொன்னார். "கரி வாங்குவதிலே ஒழுங்கு கொண்டு வந்தாலே போதும் மேடம். வாங்கற டன் தானா குறைஞ்சிடும். ஒரு கொதிகலன் யூனிட்டையும் மூட வேண்டியதில்ல." எல்லோரும் கை தட்டினார்கள். சங்கக்காரர்கள் பலமாகத் தட்டினார்கள்.

சுவரோரம் நின்ற சுத்தியக்காவுக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. உறைத்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"மேடம், கல்லு எரியாது."

ஹால் திரும்பிப் பார்த்தது. புகை மேடம், "என்னம்மா?" என்றார்.

"கல்லு எரியாது மேடம். அந்த வருஷம் நூறு டன்னுல பாதிக்குக் கொஞ்சம் கம்மியாத்தான் கல்லும் சாம்பலும். ஆனா நல்ல கரின்னு எழுதிருக்கு. எரியாத கல்லுக்கும் சேத்துப் புகை கணக்கு போட்டு வெச்சிருக்கீங்க. நாளைக்குக் கல்லு ஏத்தறத நிறுத்திட்டா வாங்கற டன்னு குறையும், அத வெச்சுப் புகை குறைஞ்சுபோச்சுன்னு காட்டலாம். அதத்தான் சார் ஒழுங்குங்கறார். நெசத்துல ஒரு பிடி புகை குறைஞ்சிருக்காது."

"இதை எப்படிச் சொல்றீங்க? ரிப்போர்ட்டில் முப்பத்தொன்றுன்னு இருக்கே."

"அந்த ரிப்போர்ட்டுல இருக்கற கையெழுத்து என்னுது. பதினோரு வருஷமாப் பொய்க் கையெழுத்து. சுட்டுப் பாக்கணும்னா அந்த வருஷத்துப் பை எல்லாமே எங்கிட்ட இருக்கு."

லேப் ஆபீசர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அதற்குள் லாரிச் சங்கத்துப் பக்கமிருந்து ஒரு கண்ணாடி டம்ளர் பறந்து வந்து அவள் புருவத்தில் உடைந்தது. ரத்தம் கண்ணில் வழிய அவள் முன்னால் கிடந்த மடக்கு நாற்காலியைத் தூக்கி டம்ளர் வந்த திசைக்கு வீசினாள். யார் மேல் பட்டது என்று பார்க்கவில்லை. அப்புறம் நாற்காலிகள் இரண்டு பக்கமும் பறந்தன. மைக் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு ஒருவன் ஓடிவந்தான். புகை மேடத்தின் உதவியாளர் ஒருவர் மேசைக்கு அடியில் போனார். மேடம் போகவில்லை. அவர் நடுவில் வந்து நின்று தன் புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுத்தியக்காவின் புருவத்தில் அழுத்திக்கொண்டு, "அந்தப் பைகள் எங்கே இருக்கு?" என்று காதில் கேட்டார். சுத்தியக்கா சொன்னாள். நெற்றியில் ஒன்பது தையல்.

மறுநாள் காலையில் தங்கையும் மாப்பிள்ளையும் வந்தார்கள். சமையல்காரர் டீ போட்டு வைத்தார். யாரும் தொடவில்லை.

"அக்கா, பூட்டத் தெறந்து எல்லாத்தையும் குளத்துல கொட்டிடு" என்றாள் தங்கை. "தப்பாச் சொல்லிட்டேன், தலை சுத்தல்ல உளறிட்டேன்னு ஒரு வார்த்த எழுதிக் குடு. உனக்கு ஒண்ணும் ஆகாது."

"மில்லுல ஒருத்தர் செத்தது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. செத்தவர் எந்திரிச்சா வரப்போறார்? நாங்க இருக்கோம்ல உசுரோட?"

மாப்பிள்ளை தலை குனிந்தபடி பேசினான். "அண்ணி, கொட்டகையில நிக்காம நேரா ஓட்டினா அடுத்த நாள் எனக்கு லோடு கெடையாது. நானா ஆசப்பட்டு நிக்கறேன்? இப்ப சங்கத்துல எல்லாரும் என்னத்தான் கேக்கறாங்க. 'உன் வீட்டுப் பொம்பளதானே, நீயே அடக்கு'ங்கறாங்க."

"அடக்கிப் பாரேன்" என்றாள் சுத்தியக்கா.

அந்தச் சொல்லைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவள் பிற்பாடு எத்தனையோ முறை நினைத்ததுண்டு. அவன் முகத்தில் இருந்த சிரிப்பின் கடைசிச் சாயலும் அப்போது போயிற்று. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனான். தங்கை மட்டும் டீயை எடுத்து ஒரு வாய் குடித்து, "ஆறிப்போச்சு" என்று வைத்துவிட்டு அவன் பின்னால் ஓடினாள்.

பைகளை எடுத்துப் போகத் திட்டக் குழுவின் வண்டி மூன்றாம் நாள் மதியம் மூன்று மணிக்கு வருவதாக ஏற்பாடு. அன்று சுத்தியக்கா ஒரு மணிக்கே பம்ப் ரூமுக்குப் போய் அடிப்படை ஆண்டின் சாக்குகளைத் தனியாக எடுத்துக் கதவுக்குப் பக்கத்தில் அடுக்க ஆரம்பித்தாள். மாதத்துக்கு ஒரு சாக்கு, பன்னிரண்டு சாக்கு. மற்ற வருடங்கள் பின்சுவரை ஒட்டிக் கூரை வரை நின்றன. காவலுக்கு இருந்த வாட்ச்மேனை இரண்டு மணி வாக்கில் யாரோ கேட்டுக்குக் கூப்பிட்டார்கள். அவன் போனான்.

ஷிப்ட் மாறும் சங்கு ஊதி ஓயும்போது ஐந்து பேர் வந்தார்கள். எல்லோரும் முகத்தைத் துண்டால் சுற்றியிருந்தார்கள். மூன்று பேர் கையில் லாரியின் ஜாக்கி ராடு. ஒருவன் டீசல் கேன். முதலில் வந்தவன் பேச்சே இல்லாமல் ராடைத் தலைக்கு ஓங்கினான். அவள் இடது கையைக் குறுக்கே கொடுத்தாள். முன்கை எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. வலி வருவதற்குள் வலது கை சுத்தியலை எடுத்துவிட்டது. அவன் தோள்பட்டையில் இறக்கினாள். அவன் ராடைப் போட்டுவிட்டுக் குப்புற விழுந்தான். இரண்டாமவன் அவள் விலாவில் உதைத்தான். சுவரில் மோதி, சுவரையே பிடிமானமாக வைத்துக்கொண்டு, அவன் முழங்காலைப் பார்த்து வீசினாள். அவன் ஊளையிட்டுக்கொண்டே நொண்டி வெளியே ஓடினான். மூன்றாமவன் அவளுடைய முறிந்த கையைப் பிடித்து முறுக்கினான். அவளுக்குக் கண் இருண்டது. பல்லால் கிடைத்த இடத்தைக் கடித்தாள். வாய் நிறைய ரத்தமும் துணியும். அவன் கை தளர்ந்ததும் சுத்தியலைக் கீழிருந்து மேலாக அவன் முகத்துக்குக் கொண்டுபோனாள்.

கட்டியை உடைக்கும்போது கைக்கு ஒரு உணர்வு வரும், வெளிப்புறம் விட்டுக்கொடுத்து அடி உள்ளே இறங்கிவிட்டது என்று. அந்த உணர்வு வந்தது. அவன் மல்லாக்க விழுந்தான். துண்டு அவிழ்ந்தது.

மாப்பிள்ளை.

இடது கண் இருந்த இடத்தில் பார்க்கக்கூடாதது இருந்தது. அவன் வாய் ஏதோ சொல்ல முயன்றது. அதே சமயம் மீதியிருந்த இருவரும் பின்சுவர் சாக்குகளின் மேல் டீசலை வீசிக் கொளுத்திவிட்டு, தோள் உடைந்தவனை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். தீ கூரைக்கு ஒரே தாவலாகத் தாவியது. அத்தனையும் கரிப்பொடி.

அவள் நின்றது எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு பக்கம் அவன். ஒரு பக்கம் பன்னிரண்டு சாக்கு.

"அண்ணி" என்றான் அவன். "அண்ணி, கண்ணு தெரியல."

அவள் சாக்கைப் பிடித்தாள். ஒரு கையால் ஒன்றைக் கதவுக்கு வெளியே இழுத்துப் போட்டாள். திரும்பி வந்தாள். அவனைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. தாண்டினாள். இரண்டாவது சாக்கு. மூன்றாவது. அவன் அவள் சேலையின் விளிம்பைப் பிடித்தான். பிடித்த கையிலிருந்து சேலையை உருவிக்கொண்டு நான்காவதை இழுத்தாள். ஐந்து. ஆறு. புகையில் அவன் இருமுவது கேட்டது. ஏழாவது சாக்கோடு வெளியே வந்தபோது கேன்டீனிலிருந்து பாத்திரம் கழுவும் தண்ணீரை அண்டாவோடு தூக்கிக்கொண்டு சமையல்காரரும் இன்னும் நாலு பேரும் ஓடி வந்தார்கள். சமையல்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். அண்டாவைப் போட்டுவிட்டு நேராகப் போய் மாப்பிள்ளையைத் தோளில் அள்ளிக்கொண்டு வந்தார். சுத்தியக்கா அந்த இடைவெளியில் இன்னும் இரண்டு சாக்கை எடுத்துவிட்டாள். பத்தாவதுக்குப் போகும்போது கூரை இறங்கியது.

மூன்று மணிக்குத் திட்டக் குழுவின் வண்டி சரியான நேரத்துக்கு வந்தது. ஒன்பது சாக்குகளையும் ஏற்றினார்கள். ஒவ்வொன்றிலும் முத்திரை உடையாமல் இருப்பதைப் பார்த்து அவள் தலையாட்டினாள். கடைசிச் சாக்கு ஏறியதும் அங்கேயே மயங்கி விழுந்தாள்.

இருவரையும் ஒரே ஆஸ்பத்திரியில்தான் சேர்த்திருந்தார்கள். மறுநாள் கட்டுப் போட்ட கையோடு, கூட ஒரு பெண் போலீஸோடு, அவளை எக்ஸ்ரேக்குக் கூட்டிப் போகும்போது வராந்தாவில் தங்கை எதிரே வந்தாள். வந்தவள் அக்காவின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து நெற்றியைச் சுவரில் மோதினாள். ஒன்பது தையலில் நாலு பிரிந்தது.

"அவர் கூப்பிட்டாராமே! கண்ணு தெரியல அண்ணின்னு கூப்பிட்டாராமே! நீ மூட்டைய இழுத்தியாமே!"

பெண் போலீஸ் விலக்கப் பார்த்தாள். "விடுங்க" என்றாள் சுத்தியக்கா போலீஸிடம். பிறகு தங்கையிடம், "ஆமா" என்றாள்.

"ஆமாவா?"

"ஆமா. மொதல்ல மூட்டயத்தான் எடுத்தேன்."

தங்கை இரண்டு கையாலும் அறைந்தாள். கன்னம், காது, வாய். ஓய்ந்துபோய்த் தரையில் உட்கார்ந்து தன் முகத்தில் தானே அடித்துக்கொண்டபோதுதான் சுத்தியக்கா அசைந்தாள். குனிந்து அந்தக் கையைப் பிடிக்கப் போனாள். "தொடாத" என்று தங்கை கத்தியதில் ஒரு நர்ஸ் கையில் இருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டாள். கண் போனது சுத்தியல் பட்டபோதே, சில நிமிடம் முன்னே பின்னே ஆனதால் ஒன்றும் மாறியிருக்காது என்று டாக்டர் சொன்னார். அதைச் சமையல்காரர் இருவரிடமும் போய்ச் சொன்னார். இருவருக்குமே அது பிரயோஜனப்படவில்லை.

இரண்டு தரப்பின் மேலும் வழக்குப் போட்டார்கள். அவள் பத்தொன்பது நாள் சிறையில் இருந்தாள். முதல் நாளே அங்கே ஒருத்தி அவள் போர்வையைப் பிடுங்க, ஒற்றைக் கையாலேயே அவளைச் சுவரில் சாத்தியதில் மீதிப் பதினெட்டு நாளும் நிம்மதியாகப் போனது. இரண்டு வருடம் கழித்து, உயிருக்கு ஆபத்து வந்தபோது தற்காப்புக்கு அடித்தாள் என்று கோர்ட் விடுவித்தது. அடித்ததைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்டார்கள். சாக்குகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பொய்க் கையெழுத்துக்காக வேலை போயிற்று. எழுதச் சொன்ன லேப் ஆபீசருக்கு வேறு ஊருக்கு மாற்றல். லாரிச் சங்கத்தில் இரண்டு பேர் உள்ளே போனார்கள், கொட்டகை இடிக்கப்பட்டது.

ஒன்பது சாக்கும் வேறொரு லேபில் உலைக்குப் போயின. நாள்பட்ட கரியில் சூடு சற்றுக் குறையும், சாம்பல் மாறாது. ஒன்பது மாதமும் நாற்பத்திரண்டுக்கும் நாற்பத்தாறுக்கும் நடுவில் நின்றது. அடிப்படை ஆண்டில் அந்த நிலையத்தின் புகை என்று எழுதியிருந்ததில் ஐந்தில் ஒரு பங்கு வெறும் காகிதப் புகை என்று தெரிந்தது. புகை மேடம் மற்ற நிலையங்களிலும் கிடைத்த பழைய பைகளையெல்லாம் தேடிப் பிடித்தார். தேசியத் திட்டம் ஒரு வருடம் தள்ளிப்போய்ப் புதிதாக எழுதப்பட்டது. உண்மையான இடத்திலிருந்து இருபத்தைந்து குறைக்க வேண்டும் என்றால் ஒழுங்கு, சீர்திருத்தம் என்ற பேச்செல்லாம் போதாது. பழைய யூனிட்டுகளை மூடியாக வேண்டும். மூட வேண்டிய பட்டியலில் முதல் வரியிலேயே இவர்கள் நிலையத்தின் இரண்டு யூனிட் இருந்தன.

பட்டியல் வெளியான அன்று கல்லெறியில் அவள் வீட்டு ஜன்னல் ஒன்றுகூட மிச்சமில்லை. சமையல்காரரின் சைக்கிளை மடக்கிச் சாக்கடையில் போட்டிருந்தார்கள். அவர் அதை எடுத்து நிமிர்த்தப் பார்த்து, முடியாமல், "பரவால்ல, ரெண்டா மடிச்சு நம்ம வேலையக் கொறச்சிருக்காங்க, தூக்கிட்டுப் போறது சுலபம்" என்றார். அவள் சிரிக்கவில்லை. கல் வந்த திசையைப் பார்த்துச் சுத்தியலோடு தெருவில் இறங்கினாள். கூடி நின்றவர்களில் பலர் அவளோடு வேலை பார்த்தவர்கள். மில்காரரின் பெண்சாதியும் நின்றிருந்தாள், அவள் மகன் மூடப்போகும் யூனிட்டில் இருந்தான். சுத்தியக்கா நின்றாள். பிறகு அவள் உள்ளே போய்க் கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கினாள்.

திட்டத்தின் அச்சுப் புத்தகத்தைப் புகை மேடம் அனுப்பியிருந்தார். வேலை இழப்பவர்களுக்கு மாற்று ஏற்பாடு என்று ஒரு அத்தியாயம். நிரந்தர ஊழியர், ஒப்பந்த ஊழியர் எல்லோரும் எண்ணிக்கையோடு இருந்தார்கள். லாரி டிரைவர் ஒருவர்கூட இல்லை. அவள் ஒவ்வொரு பக்கமாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு மேடத்துக்குப் போன் போட்டாள்.

"கரி எத்தன டன்னுன்னு கேட்டீங்க மேடம். என்ன தரம்னு கேட்டீங்க. அத ஓட்டினது யாருன்னு யாராவது கேட்டீங்களா?"

"அவங்க நிலையத்தோட ஆட்கள் இல்லையேம்மா. எந்தப் பதிவுலேயும் இல்ல. எத்தனை பேர்னுகூடத் தெரியாது."

"தெரியலன்னா போய் எண்ணுங்க. புகையவே எண்ணத் தெரிஞ்சவங்களுக்கு மனுஷன எண்ண முடியாதா?"

"யாரை அனுப்பறது? லாரிக் குடியிருப்புக்குள்ள எங்க ஆட்களை விடமாட்டாங்க" என்றார் மேடம்.

"நான் போறேன்."

அப்படித்தான் அந்த வேலை அவளுக்கு வந்தது. ஒரு கட்டுப் படிவம், ஒரு பேனா. எத்தனை வருடம் ஓட்டினார், வண்டி சொந்தமா, வீட்டில் எத்தனை பேர், வேறு என்ன வேலை தெரியும். முதல் வாரத்தில் ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். ஒரு வீட்டு மாடியிலிருந்து செங்கல் வந்தது. ஒருவன் படிவங்களைப் பிடுங்கிக் கிழித்து அவள் முகத்தில் வீசினான். அவள் அவன் சட்டைக் காலரைப் பிடித்துக் கதவோடு அழுத்தி, "உன் பேரு இதுல இல்லன்னா நாளைக்கு நீ இந்த நாட்டுல எவனுக்கும் இல்ல, புரியுதா?" என்று சொல்லிப் புதுப் படிவம் எடுத்தாள். அவன் பெயரைச் சொன்னான்.

தங்கை வீட்டுக்கு நாலு முறை போனாள். மூன்று முறை கதவு திறக்கவில்லை. நாலாம் முறை மாப்பிள்ளையே திறந்தான். ஒரு கண் தையலோடு மூடியிருந்தது. பெரிய வண்டி ஓட்டும் லைசென்ஸை ரத்து செய்துவிட்டார்கள். அவளைப் பார்த்ததும் கையில் இருந்த தண்ணீர்ச் சொம்பை எறிந்தான். தூரம் பிடிபடாமல் அது வாசற்படியில் விழுந்து உருண்டது. அவள் அதைக் குனிந்து எடுத்துத் திண்ணையில் வைத்தாள். படிவத்தையும் அதன் மேல் பேனாவையும் வைத்தாள். கதவு சாத்தப்பட்டது.

பத்து நாள் கழித்துத் தங்கை வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"இதுல கணக்கெடுத்தவங்க கையெழுத்து வேணுமாம்."

"உள்ள வா."

"வரல. போட்டுக் குடு."

சுத்தியக்கா படிவத்தைச் சுவரில் வைத்து, ஒருமுறை படித்து, கையெழுத்துப் போட்டாள். ஓட்டிய வருடம், தெரிந்த வேலை எல்லாம் மாப்பிள்ளையின் கோணல் எழுத்தில் இருந்தது. இடது கையால் தாளை அழுத்திப் பிடிக்கும்போது அந்தக் கை முழுசாக நீளாததைத் தங்கை பார்த்தாள்.

"எலும்புல வெச்ச பிளேட்டு இன்னும் உள்ளதான் இருக்கா?"

"இருக்கு."

"ம்" என்றாள் தங்கை. படிவத்தை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனாள். சமையல்காரர் டீயோடு வெளியே வந்தபோது அவள் தெருமுனையைத் தாண்டியிருந்தாள்.

திட்டத்தின் இரண்டாம் பதிப்பில் டிரைவர்கள் முந்நூற்று நாற்பது பேரும் சேர்ந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஊருக்கு வெளியே புதிதாக வந்த, மின்சாரம் சேமிக்கும் பேட்டரிக் கிடங்கில் கேட் வேலை கிடைத்தது. இரண்டாம் மாதமே சூப்பர்வைசரை ஒரு குத்து விட்டு ஒரு வாரம் வெளியே இருந்துவிட்டுத் திரும்பச் சேர்ந்தான். தங்கை அக்காவோடு பேசுவது தேவைக்கு மட்டும்தான், அதுவும் வாசலில் நின்று. மாப்பிள்ளை அதுவும் இல்லை.

முதல் யூனிட்டை நிறுத்திய நாளில் மேனேஜர், மந்திரி, புகை மேடம் எல்லோரும் கட்டுப்பாட்டு அறையில் கூடினார்கள். சுத்தியக்காவுக்கும் அழைப்பு இருந்தது. அவள் போகவில்லை. லாரிக் குடியிருப்பின் கடைசித் தெருவில், இரண்டு வருடமாகக் கிளீனராக மட்டும் ஓடியவர்களையும் சேர்க்க வேண்டும் என்று ஆரம்பித்திருந்த புதுப் பட்டியலோடு ஒரு வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டுக்காரன் அவள் தலைக்கு மேல் நின்று கைகளை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தான். அவள் வம்சத்தையே இழுத்து அவன் பேசிக்கொண்டிருந்தபோது, பிறந்தது முதல் அந்த ஊரில் எல்லோர் காதிலும் இருந்துகொண்டே இருந்த இரைச்சல் சட்டென்று பாதியாக இறங்கியது. அவன் வாயைத் திறந்தபடி நிறுத்தினான். தெருவில் ஆட்கள் வெளியே வந்து புகைபோக்கி இருக்கும் பக்கம் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள்.

பிறகு அவன் விட்ட இடத்திலிருந்து மறுபடி கத்த ஆரம்பித்தான். அவள் பேனாவின் மூடியைத் திறந்தாள்.

"கத்து. கத்திக்கிட்டே சொல்லு. எத்தன வருஷம் ஓடின?"